எந்த நாட்டுக்கு விற்பது?

தாராவியில் ஒருவர் இட்லி அவிக்கிறார். குர்லாவுக்குக் கொண்டுபோய் விற்கிறார். முதல் நாள் எந்தத் தெருவுக்குப் போவார்? தெரிந்தவர்கள் இருக்கும் தெருவுக்குத்தான் போவார். அங்கே நம்பி வாங்குவார்கள். காசும் கைக்கு வரும்.

வெளிநாட்டுக்குச் சரக்கு அனுப்பும் சின்னக் கம்பெனியும் இப்படித்தான். உலகத்தில் எத்தனையோ நாடுகள் உள்ளன. முதலில் எந்த நாட்டுக்கு அனுப்புவது? திருப்பூரின் கதை இதற்குப் பதில் சொல்லும்.

குர்லாவிலிருந்து கோயம்புத்தூருக்கு ஒரு ரயில் போகிறது. மக்கள் அதைக் குர்லா எக்ஸ்பிரஸ் என்பார்கள். அது திருப்பூரில் நிற்கும். திருப்பூர் பனியனுக்குப் பேர்போன ஊர். அந்தப் பனியன் வெளிநாடு போக மும்பையும் வழி காட்டியது.

1978-இல் இத்தாலி நாட்டு வியாபாரி ஒருவருக்கு வெள்ளை டி-சட்டைகள் தேவைப்பட்டன. மும்பை வியாபாரிகள் மூலம் அவர் திருப்பூருக்கு வந்தார். அவரைப் பார்த்து ஐரோப்பாவின் பெரிய கடைக்காரர்களும் வந்தார்கள். திருப்பூர்க்காரர்கள் தாங்களே நேரடியாகச் சரக்கு அனுப்பப் பழகினார்கள். 1990-இல் ஏற்றுமதியாளர் சங்கம் தொடங்கினார்கள்.

தெரிந்தவர் காட்டும் வழி முதல் படி. அடுத்த நாட்டுக்குப் போகும் முன் நான்கு கேள்விகள் கேட்க வேண்டும்.

அந்த நாட்டு மக்களுக்கு நம் சரக்கு தேவையா?

அவர்கள் கேட்கும் தரத்தில், கேட்கும் நாளில் நம்மால் கொடுக்க முடியுமா?

அங்கே வரி எவ்வளவு?

பணம் ஒழுங்காக வருமா?

பணம் வராமல் போனால் என்ன செய்வது? அதற்கு இன்சூரன்ஸ் உண்டு. இ.சி.ஜி.சி. என்ற மத்திய அரசு நிறுவனம் இதைச் செய்கிறது. 1957-இல் மும்பையில் இது தொடங்கப்பட்டது.

இன்னொரு பாடமும் உண்டு. திருப்பூர்ச் சரக்கில் பெரும் பங்கு அமெரிக்காவுக்குப் போய்வந்தது. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியத் துணிகளுக்கு 50 சதவீதம் கூடுதல் வரி போட்டது. 100 ரூபாய் சரக்குக்கு 50 ரூபாய் கூடுதல் வரி! வாங்குபவர்கள் தயங்கினார்கள். பல கம்பெனிகளில் ஆர்டர் நின்றது. ஆர்டர் நின்றால் தொழிலாளிக்கு வேலை குறையும். வீட்டில் அடுப்பு எரிவதும் கஷ்டம். அமெரிக்காவை மட்டுமே நம்பியவர்களுக்கு அடி பலமாக விழுந்தது.

தெரிந்த தெருவை விட வேண்டாம். ஆனால் அந்தத் தெருவை ஒரு நாள் தோண்டிப் போட்டால் இட்லிக்காரர் எங்கே போவார்? பக்கத்துத் தெருவிலும் அவருக்கு வாடிக்கை வேண்டும் அல்லவா?