முகவரி இல்லாத ஒரு சொல்

ஆங்கிலத்தில் ‘டிராம்ப்’ என்றொரு சொல் உண்டு. வீடு வாசலின்றி ஊர் ஊராக அலையும் ஏழை என்பதே அதற்குப் பலரும் அறிந்த பொருள். அகராதியில் சற்றே கீழே இறங்கினால் வேறு பொருள்களும் தென்படும்: கனத்த காலடி ஓசை, நெடுந்தொலைவு நடை, மண் வெட்டுவோர் பாதத்தின் அடியில் கட்டிக்கொள்ளும் இரும்புத் தகடு, ஒருவகைச் சரக்குக் கப்பல். மாவு ஆலையில் தானியத்தோடு கலந்து வந்து காந்தத்தில் ஒட்டிக்கொள்ளும் இரும்புத் துண்டுக்கும் இச்சொல்லே அடைமொழி. வணிகச் சரக்குகளோடு ஒளிந்து நாடு விட்டு நாடு பரவும் எறும்பினங்களுக்கும் அவ்வாறே.

நிலையான இடமின்மையே இப்பொருள்களுள் பலவற்றை இணைக்கும் இழை. ஆயினும் அந்த இடமின்மை சிலருக்குக் குற்றமாயிற்று, சிலருக்குத் தொழிலாயிற்று. இவ்வேறுபாடு எதனால் நேர்ந்தது என்பதே நாம் எண்ணிப் பார்க்க வேண்டியது.

‘அழுந்த மிதித்து நடத்தல்’ என்னும் வினையாக 14ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்தில் வழங்கிய இச்சொல், 17ஆம் நூற்றாண்டில் நடப்பவனையே குறிக்கலாயிற்று. நெப்போலியனோடு நிகழ்ந்த போர்கள் முடிந்தபின், வேலையிழந்த போர்வீரர்களும் ஏழைகளும் இங்கிலாந்தின் சாலைகளில் திரிந்தனர். 1824இல் அந்நாட்டில் நாடோடிகள் சட்டம் இயற்றப்பட்டது. பிழைப்புக்கு வழி காட்டவியலாமல், தன்னைப் பற்றித் தக்க விளக்கமும் தரவியலாமல், திறந்த வெளியில் உறங்குபவனைச் சிறைக்கு அனுப்ப அச்சட்டம் இடமளித்தது.

அதே நூற்றாண்டில், அதே சாலைகளில், அதே பெயரால் வேறு சிலரும் நடந்தனர். அச்சுக் கோப்போர், கல்தச்சர், தச்சர் போன்ற கைவினைஞர்கள் உள்ளூரில் வேலை கிடைக்காதபோது தம் சங்கம் வழங்கிய அட்டையுடன் புறப்பட்டனர். சென்ற ஊர்தோறும் சங்கத்தின் விடுதியில் அந்த அட்டையைக் காட்டினால் இரவு உணவும் படுக்கையும் வழிச்செலவுக்குச் சிறு தொகையும் கிடைத்தன. வேலை இருந்தால் தங்குவர். இல்லையேல் அடுத்த ஊருக்கு நடப்பர். அட்டை வைத்திருந்தவன் தொழிலாளி, வைத்திராதவன் குற்றவாளி. இருவர் காலிலும் படிந்தது ஒரே புழுதிதான். ‘இவரை நாங்கள் அறிவோம்’ என்று சொல்ல ஒருவனுக்கு ஓர் அமைப்பு இருந்தது, மற்றவனுக்கு இல்லை.

பீகாரின் மோதிஹாரியில் 1903இல் பிறந்த எழுத்தாளர் ஜார்ஜ் ஆர்வெல், இங்கிலாந்தின் நாடோடிகளோடு தாமும் நாடோடியாய்த் திரிந்து, தாம் கண்டதை 1933இல் நூலாக வெளியிட்டார். ஏழைகளுக்கான இரவு விடுதி ஒன்றில் மாதத்துக்கு ஒருமுறைக்கு மேல் தங்க விதி இடந்தரவில்லை. ஆகவே ஒவ்வொரு நாளும் அடுத்த விடுதியை நோக்கி நடக்க வேண்டியதாயிற்று. அவர்கள் அலைந்தது அலைச்சலை விரும்பியன்று. நிற்க இடமில்லாமையால்தான் என்பதை அந்நூல் உணர்த்திற்று.

கடலுக்குச் செல்வோம். குறித்த நாளில் குறித்த துறைமுகத்துக்குச் செல்லும் கப்பல் ‘லைனர்’. கால அட்டவணையின்றி, சரக்கு கிடைக்கும் துறைமுகத்துக்கெல்லாம் செல்லும் கப்பல் ‘டிராம்ப்’. நிலக்கரியும் தானியமும் தாதுப்பொருளும் இத்தகைய கப்பல்களில் உலகைச் சுற்றி வந்தன. இக்கப்பலின் அலைச்சலை எவரும் இழிவாகக் கருதுவதில்லை. அதன் பெயர் பதிவேட்டில் இருக்கிறது. அதன் வாடகை ஒப்பந்தத்துக்குத் தரகரும் காப்பீட்டாளரும் வங்கியாளரும் துணை நிற்கின்றனர்.

திரையுலகம் இச்சொல்லுக்குப் பரிவைச் சேர்த்தது. சிறுவயதில் இலண்டனின் ஏழைகள் இல்லத்தில் வாழ்ந்த சார்லி சாப்ளின், 1914இல் தொளதொளத்த காற்சட்டையும் கைத்தடியுமாகத் திரையில் தோன்றினார். அந்த நாடோடி உருவம் உலகெங்கும் அன்பைப் பெற்றது. அதன் சாயல் ராஜ் கபூரின் ‘ஆவாரா’ வழியாக 1951இல் இந்தியத் திரைக்கும் வந்தது. ஆனால் அமெரிக்க வழக்கில் ஒரு பெண்ணை இச்சொல்லால் குறித்தால் அது அவளது ஒழுக்கத்தின் மீது வீசும் பழியாகும். ஆணின் வறுமையைச் சுட்டிய சொல், பெண்ணிடம் வந்தபோது வசையாயிற்று.

நம் மொழியும் இதற்கு விலக்கன்று. ‘பரதேசி’ என்றால் பிற தேசத்தவர் என்பதே பொருள். பின்னர் அது திருத்தலங்களுக்கு நடந்து செல்லும் துறவியைக் குறித்தது. இன்றோ வசைச்சொல்லாய் நிற்கிறது. சொல்லோடு நில்லாமல் சட்டமும் இவ்வழியே சென்றது. ஆங்கிலேயர் ஆட்சியில் 1871இல் பிறந்த குற்றப் பரம்பரைச் சட்டம், 1911இல் சென்னை மாகாணத்துக்கும் விரிந்தது. உப்பையும் தானியத்தையும் விலங்குகள் மீது பொதியேற்றி ஊர் ஊராக விற்று வந்த குறவர் சமூகத்தாரும் அதில் அகப்பட்டனர். வணிகத்துக்காக நடந்தவர்கள், நடந்தமையாலேயே ஐயத்துக்குள்ளாயினர். விடுதலைக்குப் பின், 1952இல்தான் அச்சட்டம் நீங்கிற்று.

சட்டம் நீங்கினும், ‘உங்கள் முகவரி என்ன?’ என்னும் வினா நீங்கவில்லை. கட்டுமானப் பணிக்காகவும் அறுவடைக்காகவும் மாநிலம் விட்டு மாநிலம் செல்வோர் அவ்வினாவின் முன் இன்றும் தயங்குகின்றனர். இதனை எண்ணியே ரிசர்வ் வங்கியின் விதிகள் ‘சிறு கணக்கு’ என்னும் வாயிலைத் திறந்து வைத்துள்ளன. உரிய அடையாள ஆவணம் இல்லாதவரும் தம் கையொப்பமிட்ட புகைப்படத்தைத் தந்து, வங்கி அலுவலரின் முன்னிலையில் கையொப்பமோ கைவிரல் ரேகையோ இட்டுக் கணக்கைத் தொடங்கலாம். ஓராண்டில் வரவு 1 இலட்சம் ரூபாய்க்கும், ஒரு மாதத்தில் எடுப்பும் பரிமாற்றமும் 10,000 ரூபாய்க்கும், இருப்பு 50,000 ரூபாய்க்கும் மிகலாகாது. தொடக்கத்தில் 12 மாதங்களுக்குச் செல்லும் இக்கணக்கு, ஆவணத்துக்கு விண்ணப்பித்ததற்குச் சான்று காட்டினால் மேலும் 12 மாதங்களுக்கு நீளும்.

அக்காலக் கைவினைஞனின் அட்டை செய்த பணியை இன்று இக்கணக்கு செய்கிறது. தங்கள் வீட்டில் வேலை செய்யும் கொத்தனாருக்கோ, தெருவில் சாணை பிடித்துச் செல்பவருக்கோ கணக்கு இல்லையெனில், இச்செய்தியை அவரிடம் கூறி அருகிலுள்ள கிளைக்கு அழைத்துச் செல்லுங்கள்.