ரசீது தொலைந்தால் உரிமையும் தொலைந்ததா?

கடையில் பொருள் வாங்கி வந்ததும் ரசீதை என்ன செய்கிறீர்கள்? பல வீடுகளில் அது பிளாஸ்டிக் பையோடு குப்பைக்குப் போகும். சில வீடுகளில் சாமி மேடையில் பத்திரமாகச் செருகி வைப்பார்கள். ஆறு மாதம் கழித்து எடுத்துப் பார்த்தால் எழுத்தே இராது. வெறும் வெள்ளைத் தாள்தான் மிஞ்சும். அது உங்கள் குற்றமன்று. இன்றைய கடை ரசீதுகளில் பெரும்பாலானவை மையால் அச்சாவதில்லை. சூடு பட்டால் கறுக்கும் ரசாயனம் பூசிய தாளில் எழுத்து விழுகிறது. வெயிலும் வெப்பமும் பிளாஸ்டிக் உறையும் பட்டால் அது மங்கிவிடும். தகரக் கூரையின் கீழ் எத்தனை நாள் தாங்கும், சொல்லுங்கள்.

மண்ணெண்ணெய் அடுப்பாக இருந்தால் போனால் போகட்டும் என்று விடலாம். மடிக்கணினியை அப்படி விட முடியுமா? 2020 மார்ச் 18-ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்து பள்ளிகள் மூடப்பட்ட பிறகு, பிள்ளை வீட்டிலிருந்தே படிக்க வேண்டும் என்பதற்காகக் கடன்பட்டாவது கணினி வாங்கிய குடும்பங்கள் ஏராளம். அந்தப் பழக்கம் இன்றும் நிற்கவில்லை.

எங்கள் தோட்டத்தில் செம்பனை உதிரிப் பழம் பொறுக்கும் ஒரு தாய், நான்காம் படிவம் படிக்கும் மகளுக்காகக் கூட்டுப் பணம் எடுத்து 1,900 வெள்ளிக்கு ஒரு மடிக்கணினி வாங்கினார். ரொக்கமாகத்தான் கொடுத்தார். ஐந்தே மாதத்தில் திரை இருண்டது. பட்டணத்துக் கடைக்குத் தூக்கிக் கொண்டு போனால், அங்கிருந்த இளைஞர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "ரெசிட் தாக் அடா, தாக் போலே" என்று சொல்லி அனுப்பிவிட்டார். ஒரு நாள் சம்பளமும் பஸ் காசும் போனதுதான் மிச்சம். அந்த அம்மாள் என்னிடம் கேட்ட கேள்வி இதுதான்: "சார், ரசீது இல்லேன்னா நான் வாங்கவே இல்லேன்னு ஆயிடுமா?"

ஆகாது. நம் நாட்டில் 1999-ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. விற்கும் பொருள் ஏற்கத்தக்க தரத்தில் இருக்க வேண்டும் என்று அதன் 32-ஆவது பிரிவு சொல்கிறது. இந்த உத்தரவாதத்தைச் சட்டமே தருகிறது; கடைக்காரர் போடும் பிச்சையன்று. பொருளில் குறையிருந்தால் நியாயமான காலத்துக்குள் பழுது பார்த்துத் தர வேண்டும், அல்லது மாற்றித் தர வேண்டும்; பழுது பார்க்கவே முடியாதென்றால் பணத்தைத் திருப்ப வேண்டும். 'விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது' என்று சுவரில் ஒட்டியிருக்கிறார்களே, அந்தப் பலகையால் இந்தச் சட்டத்தை ஒதுக்கித் தள்ள முடியாது.

நீங்கள் மெய்ப்பிக்க வேண்டியது இவ்வளவுதான்: இந்தப் பொருளை, இந்தக் கடையில், இன்ன நாளில் வாங்கினேன். அதற்கு ரசீது ஒரு சான்று. ஆனால் ஒரே சான்று அன்று.

கணினியைத் திருப்பிப் பாருங்கள். அடிப்பாகத்தில் சின்ன எழுத்தில் ஒரு தொடர் எண் இருக்கும். அட்டைப் பெட்டியிலும் அதே எண் இருக்கும். ஆகவே தயவு செய்து பெட்டியைக் கோழிக் கூண்டாக்கி விடாதீர்கள்! பல தயாரிப்பாளர்களின் இணையப் பக்கத்தில் அந்த எண்ணைத் தட்டினால் உத்தரவாதக் காலம் எப்போது முடிகிறது என்று காட்டும். கடைக்காரர் கணக்கிலும் அந்த எண் இருக்க வாய்ப்புண்டு. வருமான வரிச் சட்டப்படி வணிகர்கள் தங்கள் கணக்குப் பதிவுகளை ஏழு ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். எனவே, "நான் வாங்கிய தேதி இது, தொடர் எண் இது, உங்கள் கணக்கைப் பார்த்து ரசீதின் மறுபடி தாருங்கள்" என்று மரியாதையாகக் கேளுங்கள். பல நேரம் காரியம் இங்கேயே முடிந்துவிடும்.

அட்டையில் பணம் கட்டியிருந்தால் வங்கிக் கணக்கறிக்கை பேசும். தவணையில் வாங்கியிருந்தால் ஒப்பந்தத் தாள் பேசும். ரொக்கமாகக் கொடுத்தவர்கள் மனம் தளர வேண்டாம். அந்தத் தாய் கூட்டுப் பணத்தை வங்கியில் போட்டு, வாங்கிய அன்று காலையில்தான் எடுத்திருந்தார். வங்கிப் புத்தகத்தில் அந்த வரி இருந்தது. விலை கேட்டு விற்பனையாளருக்கு மகள் அனுப்பிய வாட்சாப் செய்தியும், அவர் அனுப்பிய பதிலும் கைப்பேசியில் அழியாமல் இருந்தன. பெட்டியின் ஓரத்தில் கடையின் பெயர் போட்ட ஒட்டுத்தாளும் கிடந்தது. தனித்தனியே பார்த்தால் மூன்றும் அற்பம். சேர்த்து வைத்தால் மறுக்க முடியாத சாட்சி.

இங்கே ஒரு வார்த்தை. "எனக்குத் தெரிந்த கடையில் ஒரு ரசீது போட்டுத் தருகிறேன்" என்று சொல்லும் 'நல்லவர்கள்' எல்லாத் தோட்டத்திலும் உண்டு. வேண்டாம். பொய்ச் சீட்டு போலீஸ் நிலையம் வரை இழுக்கும். உங்கள் பக்கமிருந்த நியாயமும் கெட்டுவிடும். அதேபோல் கணினி கீழே விழுந்திருந்தால், தேநீர் கொட்டியிருந்தால், மறைக்காதீர்கள். திறந்து பார்த்தால் தெரிந்துவிடும். பக்கத்து வீட்டுப் பையனிடம் கொடுத்துக் கழற்றிப் பார்ப்பதும் ஆபத்து. "நீங்கள்தான் கெடுத்தீர்கள்" என்பார்கள்.

வாய்ப்பேச்சு பலிக்கவில்லை என்றால் எழுத்தில் கேளுங்கள். மலாயில் ஒரு பக்கக் கடிதம் போதும். வாங்கிய நாள், விலை, தொடர் எண், பழுது என்ன, எப்போது தொடங்கியது, உங்களுக்கு என்ன வேண்டும், எத்தனை நாளுக்குள் வேண்டும் என்பவை இருந்தால் சரி. திட்ட வேண்டாம். பிள்ளையின் ஆசிரியரிடம் கேட்டால் எழுதிக் கொடுக்க மாட்டாரா என்ன? இரண்டு படி எடுத்து, ஒன்றில் கடை முத்திரை வாங்கிக் கொள்ளுங்கள். கணினியைப் பழுது பார்க்க விட்டு வந்தால், தொடர் எண் குறித்த சீட்டில்லாமல் கடையை விட்டு நகராதீர்கள்.

அதற்கும் அசையாவிட்டால் பயனீட்டாளர் நடுவர் மன்றம் இருக்கிறது. மலாயில் 'திரிபூனல் துந்துதான் பெங்குனா' என்பார்கள். கட்டணம் ஐந்து வெள்ளி. ஆமாம், ஐந்தே வெள்ளிதான். 25,000 வெள்ளியாக இருந்த கோரிக்கை வரம்பு 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்தால் 50,000 வெள்ளியாக உயர்ந்தது. 'போராங் 1' என்னும் பாரத்தை நிரப்பிக் கொடுக்க வேண்டும். வழக்கறிஞர் வைக்க அனுமதியில்லை. கடைக்கும் பொதுவாக அதே விதிதான். கறுப்பு அங்கியைக் கண்டு பயப்படத் தேவையில்லை. பிரச்சினை எழுந்து மூன்று ஆண்டுகளுக்குள் போக வேண்டும். விசாரணை நாளன்று கணினி, பெட்டி, கடிதப் படி, கைப்பேசிச் செய்திகளின் அச்சுப்படி எல்லாவற்றையும் கையோடு கொண்டு போங்கள். தீர்ப்புக்குக் கடைக்காரர் கீழ்ப்படியாவிட்டால் அது குற்றம். அபராதமும் சிறையும் உண்டு. பாரம் நிரப்பத் தடுமாறுகிறவர்களுக்கு, 1969-இல் தொடங்கிய பினாங்கு பயனீட்டாளர் சங்கம் போன்றவை வழி சொல்லும்.

அந்தத் தாய்க்கு மன்றம் வரை போகும் வேலை வரவில்லை. கடிதத்தோடு மூன்று சான்றுகளையும் மேசையில் வைத்ததும் முதலாளியே வெளியே வந்தார். கணினியை வாங்கி வைத்து, மூன்று வாரத்தில் உள்ளிருந்த மின்பலகையைக் காசில்லாமல் மாற்றிக் கொடுத்தார். இடையில் அந்தப் பெண் தன் பாடங்களைத் தோழியின் வீட்டில் உட்கார்ந்து முடித்தாள்.

வேனில் பொருள் ஏற்றி, சம்பள நாள் பார்த்துத் தோட்டத்துக்கு வரும் வியாபாரிகள் விஷயம் வேறு. அவர்களிடம் கடையும் இல்லை, முகவரியும் இல்லை. வாங்கத்தான் வேண்டுமென்றால், பணம் கொடுக்கும் முன்பே வேன் எண், நிறுவனப் பதிவு எண், கைப்பேசி எண் மூன்றையும் எழுதி வாங்குங்கள். ஆளையும் பொருளையும் சேர்த்து ஒரு படம் எடுங்கள். படத்துக்கு நிற்க மறுக்கிறவரிடம் கணினி வாங்காதீர்கள்.