ரசீதில் ஐம்பது ரூபாய்

தெற்கு மும்பையின் கிர்காவ், காலபாதேவி, டோங்ரி பக்கம் போகிறவர்கள் சற்று நிமிர்ந்து பார்த்தால் போதும். நான்கு மாடிக் கட்டடங்களின் மர பால்கனிகளுக்குக் கீழே வரிசையாக முட்டுகள் கொடுக்கப்பட்டிருக்கும். தற்காலிகமாக நட்ட முட்டுகள்தான். ஆனால் அவற்றில் துணிக்கொடி கட்டும் அளவுக்குக் குடியிருப்பவர்களுக்கு அவை பழகிவிட்டன.

வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டமும் அங்கே தற்காலிகமாக வந்ததுதான். முதல் உலகப் போர்க் காலத்தில், 1918இல், பம்பாயில் முதல் சட்டம் போட்டார்கள். போர் நடக்கிறது, கூட்டம் குவிகிறது, வீட்டுக்காரர்கள் வாய்க்கு வந்த வாடகையைக் கேட்கிறார்கள் என்ற காரணம் நியாயமானதே. அடுத்த போருக்குப் பிறகு வந்த 1947ஆம் ஆண்டுச் சட்டம்தான் நகரத்தின் தலையெழுத்தை மாற்றியது. 1940 செப்டம்பர் 1 அன்று என்ன வாடகையோ, அதுவே நிர்ணய வாடகை. வரி உயர்வு போன்ற சில இனங்களைச் சேர்த்துக்கொள்ளலாம். மற்றபடி வாடகை அங்கேயே நின்றது. குறுகிய காலத்துக்கென்று வந்த சட்டத்தை இருபது முறைக்கு மேல் நீட்டினார்கள். வாடகைதாரர்களின் ஓட்டு அதிகம், வீட்டுக்காரர்களின் ஓட்டு குறைவு என்ற கணக்கு எந்தக் கட்சிக்கும் புரியாததல்ல.

ரசீதில் வாடகை உறைந்ததே தவிர, பணம் உறையவில்லை. அது பக்டி என்ற பெயரில் வேறு வழியில் ஓடியது. புதிதாகக் குடிவருபவர் மொத்தமாக ஒரு தொகையைக் கையில் கொடுப்பார். பிறகு மாதாமாதம் பெயருக்கு ஒரு வாடகை. வாடகைதாரர் காலி செய்யும்போது தன் உரிமையை அடுத்தவருக்குச் சந்தை விலைக்கு விற்பார். அதில் மூன்றில் ஒரு பங்கு வீட்டுக்காரருக்கு என்பது வழக்கம். பழைய சட்டப்படி இப்படி வாங்குவது தண்டனைக்குரிய குற்றம். ஊர் முழுக்க நடந்த குற்றம்! வீட்டுக்காரர்களை வெறும் அப்பாவிகளாகக் காட்டுபவர்கள் இந்த இடத்தைச் சத்தமில்லாமல் தாண்டிவிடுவார்கள்.

ஆனால் பக்டி எல்லோருக்கும் கிடைத்துவிடவில்லை. வாடகை உரிமை அப்பாவிடமிருந்து மகனுக்கு, மகனிடமிருந்து பேரனுக்கு என்று குடும்பத்துக்குள்ளேயே போனால் வீட்டுக்காரருக்குச் சல்லிக்காசு கிடையாது. மாதம் ஐம்பது ரூபாய் வீதம் இருபது குடித்தனத்திலும் வசூலித்தால் ஆயிரம் ரூபாய். கொத்தனாரையும் தச்சனையும் ஒரு நாள் கூப்பிட்டால் அது தீர்ந்துவிடும். இதில் கூரை ஒழுகினால் யார் பார்ப்பது? பெரும்பாலோர் பார்க்கவில்லை. இன்னொரு பக்கம், 1973 பிப்ரவரி 1 அன்று லைசென்ஸ் ஒப்பந்தத்தில் குடியிருந்தவர்களையும் வாடகைதாரர்களாகவே ஆக்கிவிட்டது ஒரு சட்டத் திருத்தம். ‘உள்ளே விட்டால் வெளியே போக மாட்டார்கள்’ என்று பயந்து, வீட்டைப் பூட்டியே வைத்தவர்கள் பலர்.

கட்டடங்கள் சரியத் தொடங்கியதும் அரசே கரண்டியைக் கையில் எடுத்தது. 1969இல் ஒரு சட்டம் இயற்றி, பழுதுபார்ப்பு வாரியம் அமைத்து, சுமார் 19,600 பழைய கட்டடங்களுக்குச் செஸ் வரி போட்டார்கள். அந்தப் பணமும் போதவில்லை. 2017 ஆகஸ்ட் 31 அன்று பெந்தி பஜாரில் நூறாண்டு தாண்டிய ஹுசைனி கட்டடம் இடிந்து விழுந்து முப்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பழைய கட்டடங்களிலிருந்து இடைக்கால முகாம்களுக்குப் போனவர்களில் பலர் இருபது, முப்பது ஆண்டுகளாக அங்கேயே இருக்கிறார்கள்.

வீட்டுக்காரர்கள் நீதிமன்றம் போனார்கள். மால்பே விஸ்வநாத் ஆச்சார்யா வழக்கில் 1997 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், வாடகையை இப்படி உறைய வைத்தது காலப்போக்கில் நியாயமற்றதாகிவிட்டது என்று சொன்னது. ஆனாலும் சட்டத்தை அடித்து வீழ்த்தவில்லை. அதன் ஆயுள் 1998 மார்ச்சில் முடிய இருந்தது, புதிய சட்டம் பரிசீலனையில் இருந்தது. அந்தப் புதிய சட்டம் 2000 மார்ச் 31 அன்று அமலுக்கு வந்தது. பக்டி சட்டபூர்வமானது. ஒரு கோடி ரூபாய்க்கு மேல் மூலதனமுள்ள கம்பெனிகளும் வங்கிகளும் பாதுகாப்பை இழந்தன. மற்ற பழைய வாடகைகளை ஐந்து சதவீதம் கூட்டி, அதன்மேல் ஆண்டுக்கு நான்கு சதவீதம் உயர்த்தலாம் என்றார்கள்.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. கணக்குப் போட்டால், அந்த ஐம்பது ரூபாய் இருபத்தைந்து ஆண்டுகளில் ஏறக்குறைய 140 ரூபாய் ஆகியிருக்கும்.

இதைவிடக் கூர்மையான சண்டை ஒன்று 1986இல் தொடங்கியது. எழுபது சதவீத வாடகைதாரர்கள் கூட்டுறவுச் சங்கமாகச் சேர்ந்து கேட்டால், மாத வாடகையைப் போல நூறு மடங்கு தொகைக்கு அரசு கட்டடத்தைக் கையகப்படுத்திக் கொடுக்கலாம் என்று வீட்டுவசதிச் சட்டத்தில் ஓர் அத்தியாயம் சேர்த்தார்கள். ஆயிரம் ரூபாய் வாடகை வரும் கட்டடத்துக்கு ஒரு லட்சம்! தெற்கு மும்பையில் அந்தக் காசுக்கு ஒரு கக்கூஸ்கூட வாங்க முடியாது. உரிமையாளர் சங்கம் தொடுத்த வழக்கு முப்பது ஆண்டுகளுக்கு மேல் இழுத்து, 2024 நவம்பர் 5 அன்று ஒன்பது நீதிபதிகள் அமர்வில் ஒரு கட்டத்துக்கு வந்தது. தனியார் சொத்து எல்லாவற்றையும் சமூகத்தின் பொது வளம் என்று சொல்லிவிட முடியாது என்றது பெரும்பான்மைத் தீர்ப்பு.

இதற்கிடையில் வாடகைதாரரையும் வீட்டுக்காரரையும் ஒரே மேசைக்கு இழுத்துவந்த மூன்றாவது ஆள் ஒருவர் உண்டு: பில்டர். மறுகட்டுமானத்தில் பழைய குடித்தனக்காரருக்குச் சொந்த ஃபிளாட். பில்டருக்குக் கூடுதல் மாடிகள் கட்டும் உரிமை. வீட்டுக்காரருக்கு எவ்வளவு என்பதில்தான் ஒவ்வொரு கட்டடத்திலும் பேரம் நீள்கிறது. அந்தப் பேரத்தின் கதை அடுத்த வாரம்.

(தொடரும்)