பழுதுநீக்கமா, மாற்றுப் பொருளா?

திண்டிவனத்திலிருந்து புதுச்சேரி செல்லும் நெடுஞ்சாலையில் அமைந்த ஊர் கிளியனூர். இத்தகைய விழுப்புரம் மாவட்டச் சிற்றூர்களில் உழவர் வாங்கும் விலைமிகுந்த பொருள்களுள் நீர்மூழ்கி மோட்டாரும் ஒன்று. உத்தரவாதக் காலத்திற்குள் அது பழுதுபட்டால் நிறுவனம் கட்டணமின்றிச் சரிசெய்து தரும். ஆயினும், ஆழ்துளைக் கிணற்றிலிருந்து அதனை மேலேற்றவும் மீண்டும் இறக்கவும் ஆகும் கூலி பெரும்பாலும் உழவர் தலையிலேயே விழுகிறது. மோட்டார் பணிமனையில் கிடக்கும் நாள்களில் பயிர் காத்திருப்பதில்லை. ஆகவே, இலவசப் பழுதுநீக்கம் என்பது முற்றிலும் இலவசமன்று. மும்முறை பழுதுபட்ட மோட்டாரை நான்காம் முறையும் செப்பனிடக் கொடுப்பதா, புதியது கேட்பதா?

பழுதின் எண்ணிக்கை மட்டும் இதற்கு விடை தராது. முதலில் சுவிட்சு, பின்னர் கம்பி இணைப்பு, அதன்பின் வால்வு என வெவ்வேறு உறுப்புகள் கெட்டால், ஒவ்வொன்றையும் மாற்றியபின் பொருள் நன்கு இயங்கக்கூடும். அதே உறுப்பு, அதே முறையில் திரும்பத் திரும்பக் கெடுவதே கவனத்திற்குரியது. உறுப்பை மாற்றியும் நோய் நீங்கவில்லையெனில், நோய் அவ்வுறுப்பில் இல்லை என்பதே பொருள்.

ஆனால் அந்நோய் மோட்டாருக்குள்தான் இருக்கிறதா? மும்முனை மின்சாரத்தில் ஒருமுனை அறுபட்டால், எஞ்சிய சுருள்களில் மின்னோட்டம் மிகுந்து வெப்பமேறிச் சுருள் கருகும். மின்னழுத்தம் குறைந்தாலும் நீர்மட்டம் இறங்கி மோட்டார் வறண்டு ஓடினாலும் கேடு நேரும். இவற்றை ஆராயாமல் புதிய மோட்டாரை இறக்கினால் அதுவும் கருகும். நிறுவனமும் குறை தன்னுடையதன்று எனக் கைகழுவும். மின்னழுத்தத்தையும் பாதுகாப்புக் கருவியையும் முதலில் சோதிப்பதே அறிவுடைமை. அவை சரியாக இருந்தும் சுருள் கருகினால், மாற்றுப் பொருள் கேட்பதற்கு வலுவான காரணம் கிடைத்துவிட்டது.

எத்தனை முறை பழுதுபட்டால் மாற்றித் தரவேண்டும் என இந்தியச் சட்டம் எண்ணிக்கை வகுக்கவில்லை. இங்கிலாந்தின் 2015ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமைச் சட்டப்படி, ஒருமுறை செப்பனிட்டும் குறை நீங்காவிடில் பொருளை மறுக்கலாம். நம் நாட்டின் 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமோ குறையை நீக்கவும், குறையற்ற புதிய பொருளைத் தரவும், விலையைத் திருப்பியளிக்கவும் ஆணையிடும் அதிகாரத்தை நுகர்வோர் ஆணையத்திற்கு அளித்து, எது தகும் என்பதை வழக்கின் தன்மைக்கு விட்டுவிடுகிறது. இந்நெகிழ்ச்சி நன்று; எனினும் மெய்ப்பிக்கும் சுமை வாங்கியவர்மீது விழுகிறது.

உத்தரவாத அட்டையின் சொற்களும் இங்குக் கருதத்தக்கன. மாருதி கார் ஒன்றைப் பற்றிய வழக்கில் 2006இல் உச்ச நீதிமன்றம், குறையுள்ள உறுப்பைச் சரிசெய்வது அல்லது மாற்றுவது என்றே உத்தரவாதம் கூறியதால், முழுக் காரையும் மாற்றித் தருமாறு ஆணையிட்டது பொருந்தாது எனக் கருதியது. முழுப் பொருளையும் கேட்பவர், அடிப்படை உற்பத்திக் குறையையே நிறுவ வேண்டியிருக்கும். பார்வையால் கண்டறிய முடியாத குறையாயின், ஆணையம் பொருளை ஆய்வகத்திற்கு அனுப்பலாம்.

எனவே, ஒவ்வொரு முறையும் பணிமனை தரும் வேலைச் சீட்டு விலைமதிப்புடையது. ‘சர்வீஸ் செய்யப்பட்டது’ என்னும் ஒற்றை வரியோடு அதனை ஏற்றுக்கொள்ளலாகாது. என்ன பழுது, எந்த உறுப்பு மாற்றப்பட்டது, எந்நாளில் ஒப்படைத்து எந்நாளில் பெறப்பட்டது என்பன அதில் இடம்பெற வேண்டும். மாற்றுப் பொருள் கோரும் கடிதத்தை உத்தரவாதம் முடியுமுன்னரே எழுத்தில் அனுப்புதல் நலம்.

பிழைப்புக்காகத் தாமே பயன்படுத்தும் பொருளை வாங்கியவரும் சட்டத்தின் கண்ணில் நுகர்வோரே. ஆதலால் உழவரும் முறையிடலாம். கொடுத்த விலை 5 இலட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணமில்லை; குறை எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுகளுக்குள் மனு அளிக்க வேண்டும். 1915 என்னும் தேசிய உதவி எண்ணிலும் முதலில் பேசிப் பார்க்கலாம். கிளியனூர்க்காரர் ஒருவர் புதுச்சேரிக் கடையில் மோட்டார் வாங்கியிருந்தால், 1986ஆம் ஆண்டின் பழைய சட்டப்படி பெரும்பாலும் அங்கேயே சென்று வழக்காட நேர்ந்தது. இப்போது வாங்கியவர் வாழும் மாவட்டத்திலேயே முறையிடலாம் என்பதால், அவர் விழுப்புரம் ஆணையத்தையே நாடலாம்.