வாடகை வீட்டுக்கு என்ன தரை போடலாம்?

டிப்ளமோ முடித்ததும் நம்மில் பலருக்கு வரப்போகும் முதல் வேலை பாலமோ அணைக்கட்டோ அல்ல. சொந்தக்காரர் ஒருவர் வந்து, "மாப்ளே, நாலு போர்ஷன் லைன் வீடு கட்டி வாடகைக்கு விடப்போறேன், தரைக்கு என்ன போடலாம்?" என்று கேட்பார். "டைல்ஸ் போடுங்க மாமா" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடலாம். ஆனால் மூன்றாவது குடித்தனம் காலி செய்யும்போது அந்தத் தரை எப்படி இருக்கும்?

நீடித்த தரையைப் பார்க்க நாம் வெளியூர் போகவேண்டாம். நம் மாவட்டத்து ராயவரம், குழிபிறை பக்கம் செட்டிநாட்டு வீடுகளைப் பாருங்கள். அங்கே புகழ்பெற்றது பக்கத்துச் சிவகங்கை மாவட்டத்து ஆத்தங்குடிக் கல். இது சூளையில் வெந்தது அல்ல. கண்ணாடித் தகட்டின் மேல் அச்சை வைத்து, வண்ணச் சிமெண்ட் கலவையை ஊற்றி, அச்சை எடுத்துவிட்டு மேலே மணலும் சிமெண்டும் நிரப்பி, தண்ணீரில் ஊறப்போட்டு எடுப்பது. வழவழப்பு கண்ணாடி கொடுத்தது. பளபளப்பு நடக்க நடக்க, துடைக்கத் துடைக்க வருவது.

சிக்கலும் அங்கேதான். சொந்த வீட்டில் தினமும் துடைப்பார்கள். வாடகை வீட்டில் யார் மெனக்கெடுவார்? அதோடு, சிமெண்டுக்குப் புளிப்பு ஆகாது. புளித்தண்ணீர், எலுமிச்சம்பழம், கழிவறைக்கு ஊற்றும் ஆசிட் எல்லாம் அதை அரிக்கும். முன்னறைக்குப் போடுங்கள், அடுப்படிக்கு வேண்டாம் என்பதே என் கட்சி. ரெட் ஆக்சைடு தரைக்கும் இதே குணம்தான். குளிர்ச்சி, செலவும் குறைவு. ஆனால் ஒரு வாரம் தண்ணீர் கட்டாமல் விட்டால் வெடிப்பு விழும். ஒட்டுப்போட்டால் நிறம் சேராது.

அடுப்படிக்கும் புழங்கும் அறைக்கும் விட்ரிஃபைடு டைல்ஸ் ஏற்றது. அது உறிஞ்சும் தண்ணீர் அரை சதவீதத்துக்கும் கீழே. சாதாரணச் சுவர் டைல்ஸ் 10 சதவீதத்துக்கு மேல் உறிஞ்சும். மலிவாகக் கிடைக்கிறதென்று சுவர் டைல்ஸைத் தரையில் ஒட்டாதீர்கள். குளியலறைக்கு மட்டும் பளபளப்பு கூடவே கூடாது. சொரசொரப்பான டைல்ஸ் போட்டு, மீட்டருக்கு ஒன்றரை சென்டிமீட்டர் வாட்டம் கொடுக்கவேண்டும். வயதானவர் ஒருவர் வழுக்கி இடுப்பெலும்பு முறிந்தால் எந்த வாடகையும் அதை ஈடுகட்டாது.

எந்த டைல்ஸ் என்பதைவிட எப்படிப் பதிக்கிறோம் என்பது முக்கியம். வேலை சீக்கிரம் முடியட்டும் என்று நாலு மூலையிலும் நடுவிலும் மட்டும் கலவை வைத்து அமுக்கினால் அடியில் பொந்து நிற்கும். "அதெல்லாம் ஒண்ணும் ஆகாது சார்" என்பார்கள். கேஸ் சிலிண்டரை ஒரு தடவை 'டொக்'கென்று வைத்தால் தெரியும்! பதித்த மறுநாள் கம்பியால் தட்டிப் பாருங்கள். பொள்ளல் சத்தம் கேட்டால் பெயர்த்து, முழுக் கலவையில் பதிக்கச் சொல்லுங்கள். அதே லாட்டில் ஒரு பெட்டி வாங்கிப் பரணில் போட்டு வைக்கவும். ஐந்து வருஷம் கழித்து அதே நிறம் கடையில் கிடைக்காது.

சுவருக்கு வருவோம். கீழ்ச்சுவரில் ஈரம் ஏறும் வீட்டில் எனாமல் அடித்தால், உள்ளே போன ஈரம் வெளிவர வழியில்லாமல் பெயின்ட் கொப்புளித்து உரியும். அங்கே சுண்ணாம்பே மேல். ஈரத்தை வெளியே விடும், வருஷா வருஷம் அடிக்கவும் மலிவு. காய்ந்த சுவருக்குக் கழுவக்கூடிய எமல்ஷன் போதும்.

இதில் பணப் பிரச்சினையும் உண்டு. காலி செய்யும்போது "வெள்ளையடிக்க" என்று அட்வான்ஸில் பிடிப்பது ஊர்வழக்கம். விடுதிக்கு வெளியே அறை எடுத்துத் தங்கும் நம் நண்பர்களுக்கு இது நன்றாகத் தெரியும். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு வாடகைச் சட்டப்படி, எழுத்தில் வேறு உடன்பாடு இல்லையென்றால், சுவருக்கு வெள்ளையடிப்பதும் கதவு ஜன்னலுக்குப் பெயின்ட் அடிப்பதும் வீட்டுக்காரர் பொறுப்பு. இயல்பான தேய்மானத்துக்குக் குடியிருப்பவர் பொறுப்பல்ல. ஆகவே ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன் அந்த வரியைப் படியுங்கள். குடிபோகும் அன்றே தரையில் உள்ள கீறல், உடைசலை எழுதி இருவரும் கையெழுத்திட்டு வைத்துக்கொள்ளுங்கள்.