ஊன்றிய கால்

உள்ளங்கைக்குள் அடங்கும் சிறு பொதி. தோலையோ துணியையோ துண்டுகளாக வெட்டி உருண்டையாகத் தைத்து, உள்ளே பிளாஸ்டிக் மணியோ மணலோ நிரப்பியிருப்பார்கள். கை படாமல், நிலத்தில் விழவிடாமல் காலால் தட்டித் தட்டி ஆடவேண்டும். இதுதான் புட்பாக். 1972இல் அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்தில், முழங்கால் காயத்திலிருந்து தேறிக்கொண்டிருந்த ஜோன் ஸ்டால்பேர்கருக்கு மைக் மார்ஷல் என்பவர் வீட்டில் தைத்த பொதி ஒன்றைக் காட்டினார். காலுக்குப் பயிற்சியாகத் தொடங்கியது இருவருக்கும் பித்தாகிவிட்டது. 1975இல், 28 வயதிலேயே, மார்ஷல் மாரடைப்பால் இறந்துபோனார். ஸ்டால்பேர்கர் விடவில்லை. 'ஹக்கி சக்' என்ற பெயரில் அதைப் பரப்பினார்; 1983இல் வாம்-ஓ நிறுவனம் உரிமையை வாங்கியது.

காற்றடைத்த பந்து காலில் பட்டு அமுங்கினால் உடனே திருப்பித் தள்ளும். பொதியிலோ மணிகள் ஒன்றோடொன்று உரசி இடம் மாற, விழுந்த வேகத்தின் பெரும்பகுதி உள்ளேயே தீர்ந்துவிடும். அதனால் பொதி துள்ளாது. பாதத்தைச் சற்றுத் தாழ்த்திக் கொடுத்தால் சப்பாத்தின் மேல் அப்படியே உட்காரும். அதை மறுபடி எழுப்பும் விசை முழுவதும் ஆடுபவரின் காலிலிருந்தே வரவேண்டும்.

பார்ப்பவர்கள் தட்டுகிற காலைத்தான் பார்ப்பார்கள். நான் பார்க்கச் சொல்வது மற்றக் காலை. உடல் முழுவதையும் அது தனியே தாங்குகிறது. கணுக்காலைச் சுற்றிய தசைகள் கணந்தோறும் இறுகியும் தளர்ந்தும் உடலை நிமிர்த்துகின்றன. கண், உட்காதின் சமநிலை உறுப்பு, பாதத்தின் தொடுவுணர்ச்சி மூன்றும் அவற்றுக்குச் செய்தி கொடுக்கின்றன. புட்பாக்கில் கண் பொதியோடு ஏறி இறங்குவதால் மற்ற இரண்டுக்கும் வேலை கூடும். கண்ணை மூடி ஒற்றைக்காலில் நின்று பாருங்கள், தெரியும்.

1997இல் டெட் மார்ட்டின் என்ற அமெரிக்கர் பொதியை விழவிடாமல் 63,326 தடவை தட்டினார். எடுத்த நேரம் 8 மணி 50 நிமிடம் 42 செக்கன். வகுத்தால் செக்கனுக்கு இரண்டு தட்டு. அரைச் செக்கனில் போய்த் திரும்பும் பொதி ஏறக்குறைய ஓர் அடிதான் எழும்ப முடியும். ஒன்பது மணி நேரத்துக்கு அந்த ஓர் அடிக்குள்தான் அவருடைய உலகம்!

இப்படிப்பட்ட வைராக்கியம் யாழ்ப்பாணத்துக்குப் புதிதில்லை. வல்வெட்டித்துறை ஆழிக்குமரன் ஆனந்தன் 1971இல் பாக்கு நீரிணையை நீந்திப் போய் நீந்தியே திரும்பியதை இங்கே எல்லோரும் சொல்வார்கள். அவர் ஒற்றைக்காலில் 33 மணி நேரம் நின்று சாதனை படைத்ததைச் சொல்பவர்கள் குறைவு. எனக்கு அதுவும் கடலைக் கடந்ததற்குக் குறைந்ததில்லை. நீந்துபவரைத் தண்ணீராவது கொஞ்சம் தாங்கும். 1984இல் ஆங்கிலக் கால்வாயை நீந்த முயன்று உயிர்விடும்வரை அவர் தன் உடலின் எல்லையைத் தேடிக்கொண்டே இருந்தார்.

பழக விரும்பும் பிள்ளைகளுக்குப் பழைய மேஸில் அரிசி நிரப்பித் தைத்த பொதியே போதும். ஊன்றும் முழங்காலைச் சற்று மடித்து, மற்றப் பாதத்தின் உட்பக்கத்தால் இடுப்பளவுக்குத் தட்டுங்கள். இரண்டு காலாலும் பழகவேண்டும். வலக்காலுக்குச் சட்டென்று வருவது இடக்காலுக்கு வர நாளாகும். அப்போது ஊன்றி நிற்கப் பழகவேண்டியது வலக்கால்.