கட்டுப்படுத்தியைக் கண்டறிதல் (கம்பியில்லா வலையமைப்பு)

கட்டுப்படுத்தியைக் கண்டறிதல் என்பது கம்பியில்லா வலையமைப்பில் உள்ள அணுகல் புள்ளி ஒன்று, தன்னை நிருவகிக்க வேண்டிய கட்டுப்படுத்தியைத் தேடி அறிந்து, மறுமொழி தந்தவற்றுள் ஒன்றைத் தேர்ந்து அதனுடன் இணையும் செயல்முறை ஆகும். பல்கலைக்கழகம், மருத்துவமனை, வானூர்தி நிலையம் போன்ற நூற்றுக்கணக்கான அணுகல் புள்ளிகள் தேவைப்படும் இடங்களில் இது பயன்படுகின்றது. இதற்கான பொது நெறிமுறை காப்வாப் எனப்படும்.

வீடுகளில் பயன்படும் அணுகல் புள்ளி தன் அமைப்புகள் அனைத்தையும் தன்னிடமே வைத்திருக்கும். பெரிய நிறுவனங்களில் பயன்படும் மெலிவகை அணுகல் புள்ளி அவ்வாறன்று. வலையமைப்பின் பெயர், கடவுச்சொல் முறை, அலைவரிசை, அலைபரப்பும் வலு ஆகிய அனைத்தையும் அது கட்டுப்படுத்தியிடமிருந்தே பெறுகின்றது. எனவே கட்டுப்படுத்தியைக் கண்டறியாத மெலிவகை அணுகல் புள்ளி, மின்சாரம் இருந்தும் பயனற்ற ஒரு பெட்டியே. தவறான கட்டுப்படுத்தியைக் கண்டறிந்துவிட்டாலோ நிலைமை அதனினும் மோசமாகும்.

வரலாறு

ஏர்ஸ்பேஸ் என்னும் நிறுவனம் உருவாக்கிய எல்வாப் நெறிமுறையே காப்வாப்பின் முன்னோடி ஆகும். 2005 ஆம் ஆண்டில் சிஸ்கோ நிறுவனம் ஏர்ஸ்பேஸை வாங்கியது. வெவ்வேறு நிறுவனங்களின் கருவிகள் தத்தம் வழியில் இயங்கி வந்ததால், பொதுவான நெறிமுறை ஒன்றை வகுக்கும் பணியை இணையப் பொறியியல் பணிக்குழு மேற்கொண்டது. முன்வைக்கப்பட்ட நான்கு நெறிமுறைகளுள் எல்வாப் அடிப்படையாகக் கொள்ளப்பட்டது. அதன் பாதுகாப்பு முறைக்கு மாற்றாக டிடிஎல்எஸ் என்னும் குறியாக்க முறை சேர்க்கப்பட்டது. இவ்வாறு உருவான காப்வாப், 2009 மார்ச் மாதத்தில் ஆர்எஃப்சி 5415 ஆக வெளியிடப்பட்டது. இது யூடிபி வழியாக இயங்குகின்றது. கட்டுப்பாட்டுச் செய்திகளுக்கு 5246 ஆம் துறையும், பயனர் தரவுக்கு 5247 ஆம் துறையும் ஒதுக்கப்பட்டுள்ளன.

தேடும் வழிகள்

அணுகல் புள்ளி இயங்கத் தொடங்கியதும் முதலில் தனக்கென ஓர் ஐ.பி. முகவரியைப் பெறுகின்றது. அதன்பின் "கட்டுப்படுத்தி யாரேனும் உளரோ" என வினவும் கண்டறிதல் வேண்டுகோளை அனுப்புகின்றது. அவ்வேண்டுகோளை எந்த முகவரிக்கு அனுப்புவது என்பதை அறியப் பல வழிகள் உள்ளன.

* உள்ளூர்ப் பரப்பல்: தான் இருக்கும் துணைவலையில் உள்ள அனைத்துக் கருவிகளுக்கும் 255.255.255.255 என்னும் முகவரி வழியாக வேண்டுகோள் அனுப்பப்படுகின்றது. காப்வாப்புக்கென ஒதுக்கப்பட்ட 224.0.1.140 என்னும் குழு முகவரியையும் பயன்படுத்தலாம். பரப்பல் செய்திகளைத் திசைவிகள் பொதுவாக அப்பால் அனுப்புவதில்லை. ஆதலால் கட்டுப்படுத்தி வேறு துணைவலையில் இருந்தால் இவ்வழி மட்டும் போதாது.
* டிஎச்சிபி: ஐ.பி. முகவரியை வழங்கும் வழங்கியே கட்டுப்படுத்தியின் முகவரியையும் சேர்த்துத் தருகின்றது. ஆர்எஃப்சி 5417 இதற்கென 138 ஆம் விருப்பத்தேர்வை ஒதுக்கியுள்ளது. நிறுவனங்கள் தமக்கெனப் பயன்படுத்தும் 43 ஆம் விருப்பத்தேர்வும் பரவலாக வழக்கில் உள்ளது.
* டிஎன்எஸ்: அணுகல் புள்ளி முன்னரே அறிந்த ஒரு பெயரை டிஎன்எஸ் வழங்கியிடம் வினவி முகவரியைப் பெறுகின்றது.
* நினைவில் உள்ளவை: முன்பு இணைந்திருந்த கட்டுப்படுத்திகளின் முகவரிகளையும், நிருவாகி நேரடியாகப் பதிந்த முகவரிகளையும் பல அணுகல் புள்ளிகள் மின்சாரம் நின்றாலும் அழியாத நினைவகத்தில் வைத்திருக்கும்.

43 ஆம் விருப்பத்தேர்வின் உள்ளடக்கத்தைப் பின்வரும் எடுத்துக்காட்டால் விளங்கிக்கொள்ளலாம். சிஸ்கோ கருவிகளில் கட்டுப்படுத்தியின் முகவரி 10.1.1.5 எனின், அனுப்ப வேண்டிய பைட்டுகள் பதின்ம எண்களில் 241, 4, 10, 1, 1, 5 என அமையும். 241 என்பது தகவலின் வகை, 4 என்பது தொடர்ந்து வரும் பைட்டுகளின் எண்ணிக்கை, எஞ்சியவை முகவரி. இரண்டு கட்டுப்படுத்திகள் இருப்பின் இரண்டாம் எண் 8 ஆகும்.

மின்தடை நீங்கியபின் நூற்றுக்கணக்கான அணுகல் புள்ளிகள் ஒரே நேரத்தில் இயங்கத் தொடங்கும். அவை அனைத்தும் ஒரே நொடியில் வேண்டுகோள் அனுப்பினால் கட்டுப்படுத்தி திணறும். இதனைத் தவிர்க்க, ஒவ்வொன்றும் தற்போக்கான ஒரு கால அளவு காத்திருந்தே வேண்டுகோள் அனுப்ப வேண்டும்.

தேர்ந்தெடுத்தல்

வேண்டுகோளைப் பெற்ற ஒவ்வொரு கட்டுப்படுத்தியும் கண்டறிதல் மறுமொழி அனுப்புகின்றது. அதன் பெயர், அதனுடன் தற்போது இணைந்துள்ள அணுகல் புள்ளிகளின் எண்ணிக்கை, அது ஏற்கக்கூடிய உச்ச எண்ணிக்கை ஆகியன அம்மறுமொழியில் அடங்கும். முதலில் வந்த மறுமொழியை உடனே ஏற்காமல், அணுகல் புள்ளி சில நொடிகள் காத்திருந்து ஏனைய மறுமொழிகளையும் திரட்டுகின்றது. ஆர்எஃப்சி 5415 இல் இக்காத்திருப்பின் இயல்பு அளவு 5 நொடிகள் ஆகும்.

எதனைத் தேர்வது என்பதற்குச் சிஸ்கோ கருவிகள் பின்வரும் வரிசையைப் பின்பற்றுகின்றன. நிருவாகி முதன்மை, இரண்டாம் நிலை, மூன்றாம் நிலை எனப் பெயரிட்டுக் குறித்த கட்டுப்படுத்திகள் முதலில் நோக்கப்படும். அவை இல்லையெனில் தலைமைக் கட்டுப்படுத்தி எனக் குறிக்கப்பட்டது தேரப்படும். அதுவும் இல்லையெனில் இடவசதி மிகுதியாக எஞ்சியுள்ள கட்டுப்படுத்தி தேரப்படும். எடுத்துக்காட்டாக, 500 இடங்களுள் 450 நிரம்பிய கட்டுப்படுத்தியும், 100 இடங்களுள் 20 நிரம்பிய கட்டுப்படுத்தியும் மறுமொழி தந்தால், இரண்டாவதே தேரப்படும். முன்னதில் 50 இடங்களும் பின்னதில் 80 இடங்களும் எஞ்சியுள்ளன.

இணைந்தபின் இரு கருவிகளின் மென்பொருள் பதிப்புகளும் ஒப்பிடப்படுகின்றன. அவை வேறுபட்டால், அணுகல் புள்ளி கட்டுப்படுத்தியிடமிருந்து உரிய பதிப்பைத் தரவிறக்கி, மீளத் தொடங்கி, மீண்டும் தேடலில் இறங்கும். ஒரே வளாகத்தில் இரு வேறு பதிப்புகளைக் கொண்ட கட்டுப்படுத்திகள் இருந்து, முன்னுரிமையும் குறிக்கப்படாவிட்டால், அணுகல் புள்ளி இரண்டுக்குமிடையே மாறிமாறிச் சென்று ஒவ்வொரு முறையும் தரவிறக்கிக்கொண்டிருக்க நேரிடலாம்.

தொடர்பு அறுதல்

இணைந்துள்ள அணுகல் புள்ளி, கட்டுப்படுத்தி இயங்குகின்றதா என்பதை எதிரொலி வேண்டுகோள்களால் சோதித்துக்கொண்டே இருக்கும். இதன் இயல்பான இடைவெளி 30 நொடிகள். மறுமொழி வராவிடில் சில முறை முயன்றபின் அடுத்த நிலைக் கட்டுப்படுத்தியை நாடும். மாற்றுக் கட்டுப்படுத்தியுடன் இருக்கும்போதும், முதன்மைக் கட்டுப்படுத்தி மீண்டுவிட்டதா என வினவி, மீண்டிருப்பின் அதனிடமே திரும்புமாறு அமைக்கலாம்.

நம்பகத்தன்மை

கண்டறிதல் வேண்டுகோளும் மறுமொழியும் குறியாக்கம் இன்றியே செல்கின்றன. எவர் வேண்டுமானாலும் "நானே கட்டுப்படுத்தி" என மறுமொழி தரலாம். எனவே தேடல் கட்டத்தில் கிடைப்பது முகவரி மட்டுமே, நம்பிக்கை அன்று. டிடிஎல்எஸ் இணைப்பு ஏற்படுத்தப்படும்போதே இரு கருவிகளும் சான்றிதழ்களைக் காட்டி ஒன்றையொன்று உறுதிசெய்கின்றன. சான்றிதழ்களுக்கு மாற்றாக முன்பகிர்ந்த மறைச்சாவியையும் காப்வாப் ஏற்கின்றது.

எனினும் தயாரிப்பாளர் பதித்த சான்றிதழ், கருவி உண்மையாகவே அத்தயாரிப்பாளருடையது என்பதை மட்டுமே காட்டும். அது நம் நிறுவனத்தின் கருவியா என்பதைக் காட்டாது. இவ்வேறுபாட்டின் முக்கியத்துவம் 2009 ஆம் ஆண்டில் வெளிப்பட்டது. சிஸ்கோவின் அப்போதைய வசதி ஒன்றின்படி, புதிய அணுகல் புள்ளி அண்டையில் உள்ளவற்றின் வானலைச் செய்திகளைக் கேட்டுக் கட்டுப்படுத்தியின் முகவரியை அறிந்துகொள்ளும். அச்செய்திகள் குறியாக்கம் செய்யப்படாதவை. ஆதலால் போலிச் செய்திகளைப் பரப்பிப் புதிய அணுகல் புள்ளியை அயலாரின் கட்டுப்படுத்தியிடம் ஈர்க்க இயலும் என ஏர்மேக்னெட் நிறுவனம் அவ்வாண்டு ஆகஸ்ட் மாதத்தில் அறிவித்தது. பின்னர் வந்த பதிப்புகளில் அவ்வசதி நீக்கப்பட்டது.

விருப்பக் கட்டுப்படுத்திகளை முன்கூட்டியே பதிந்து வைத்தல், நிறுவனம் தானே வழங்கும் சான்றிதழைப் பயன்படுத்தல், இணைய அனுமதி பெற்ற அணுகல் புள்ளிகளின் பட்டியலைக் கட்டுப்படுத்தியில் வைத்தல் ஆகியன இதற்கான காப்புகள் ஆகும்.

சான்றிதழுக்குக் காலவரையறையும் உண்டு. சிஸ்கோ கருவிகளில் 2005 முதல் பதிக்கப்பட்ட சான்றிதழ்கள் 10 ஆண்டுகளுக்குச் செல்லுபடியாகும் வகையில் அமைந்திருந்தன. காலம் முடிந்தபின், வன்பொருளில் எக்குறையும் இல்லாத அணுகல் புள்ளிகளும் இணைய இயலாமல் நின்றன. கட்டுப்படுத்தியின் கடிகாரம் தவறான நாளைக் காட்டினாலும் இதே விளைவு ஏற்படும். ஆகவே அணுகல் புள்ளி கட்டுப்படுத்தியைக் கண்டறிந்தும் இணையாதபோது, முகவரியையும் துறைகளையும் சோதிப்பதுடன் கடிகாரத்தையும் சான்றிதழின் காலாவதி நாளையும் சோதித்தல் வேண்டும்.